வூட்டுப் பேரு

வியாசர்பாடி,
18 ஆகஸ்ட் 2003

எழிலன்,

மாசானத்தைக் கொன்றது உன் ஆராய்ச்சி. ஊசி போட்டது என் கை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் நீ மற்றதைப் பிடித்துக்கொள்வாய்.

உனக்கு மாசானத்தைத் தெரியாது. எண்ணூர் வார்ப்படக் கம்பெனியில் காண்ட்ராக்ட் கூலி. போன செவ்வாய்க்கிழமை மதியம் உள்ளங்கை கிழிந்து நம் காஷுவாலிட்டிக்கு வந்தார். கொண்டுவந்த அட்டையில் லட்சுமணன் என்று இருந்தது.

ஆய்வுக்காக ஆறு மாதம் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. அட்டைச் சங்கதி உனக்குப் புதிதல்ல. இருந்தாலும் எழுதுகிறேன், எழுத்தில் இருக்கட்டும். கம்பெனி தன் நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் நம் ஆஸ்பத்திரி அட்டை கொடுத்திருக்கிறது. காண்ட்ராக்ட் ஆளுக்கு அடிபட்டால் சூப்பர்வைசர் யாராவது நிரந்தர ஆளின் அட்டையைப் பிடுங்கி அவன் சட்டைப்பையில் செருகி அனுப்புவான். விபத்து வெளியே தெரியாது. வந்தவனுக்கும் வைத்தியம் கிடைத்துவிடும். ஆனால் அட்டையில் இருக்கிற ரத்தம், சர்க்கரை, ஒத்துக்காத மருந்து எல்லாம் வேறு ஒருவனுடையது.

அதற்காகத்தான் நாங்கள் அதைச் செய்தோம். சீட்டு வாங்கிவரச் சொல்லி சூப்பர்வைசரைக் கவுண்ட்டருக்கு விரட்டுவோம். அவன் தலை மறைந்ததும் படுத்திருப்பவன் காதருகே குனிந்து, “அட்டைப் பேரா, வூட்டுப் பேரா?” என்று கேட்போம். பாதிப் பேர் அப்போதுதான் மூச்சே விடுவார்கள். வீட்டுப் பெயரையும் ஒத்துக்காத மருந்தையும் பிளாஸ்திரியில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிவிடுவோம்.

நீ அறிக்கை கொடுத்தாய். பிளாஸ்திரியை ஒழித்தார்கள். அச்சடித்த பட்டை வந்தது, அதில் அட்டைப் பெயர் மட்டும். தாமதத்தைக் குறைக்கச் சீட்டு கட்டிலுக்கே வந்துவிடுகிறது. அதனால் சூப்பர்வைசர் இப்போது எங்கேயும் போவதில்லை. கட்டில் தலைமாட்டிலேயே நிற்கிறான்.

விதிப்படி கேட்டேன். “லட்சுமணன், ஏதாவது மருந்து ஒத்துக்காதா?” அவர் என்னையே பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் சொன்னான்: “எல்லாம் அட்டையிலயே கீது சிஸ்டர். டைம் ஆவுது.” அட்டையைப் பார்த்தேன். லட்சுமணனுக்குப் போன வருடம் பென்சிலின் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, மறுபடி டெஸ்ட் தேவையில்லை என்று முத்திரை குத்தியிருந்தது. அந்த விதி யாருடையது, உன்னுடையதா?

ஊசி போட்டுப் பஞ்சை எடுப்பதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஓடிவந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். எதற்கும் உடம்பு கேட்கவில்லை. கூட வந்த சக கூலி பொன்னுரங்கம் வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். “அவன் லட்சுமணன் இல்ல சிஸ்டர். மாசானம்.”

இப்போது ஆஸ்பத்திரி என்ன சொல்கிறது தெரியுமா? அட்டை விஷயமே தங்களுக்குத் தெரியாதாம். மாசானம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினாராம். நான் சரியாக விசாரிக்காமல் ஊசி போட்டேனாம். என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

நீ என்ன சொல்கிறாய்?

சங்கமித்ரா


புனே,
27 ஆகஸ்ட் 2003

அன்புள்ள மித்ரா அக்கா,

உங்கள் கடிதத்தை இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே போக முடியவில்லை. இதற்கு முன் இரண்டு பதில்கள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

டெஸ்ட் வேண்டாம் என்ற முத்திரை என்னுடையது இல்லை. அது ஆஸ்பத்திரி டைரக்டர் பிற்பாடு சேர்த்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்திரியை எடுக்கச் சொன்னது நான்தான். ஏன் என்று உங்களுக்கும் தெரியும். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரே கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவனுடைய அட்டைப் பெயரும் மற்றவனுடைய வீட்டுப் பெயரும் ஒன்றாக இருந்தது. எக்ஸ்ரே மாறிப்போனது. நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். உடைந்த காலோடு இன்னொருவன் திருவொற்றியூர் வரை நடந்தே போனான். “சொகமா கீற காலுக்கு ஏன்பா வெள்ளையடிக்கிறீங்கோ?” என்று அந்த ஆள் கேட்டதை ஜஸீமா சிஸ்டர் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கிற வரைக்கும் இது நடக்கும் என்று அன்றைக்கு எழுதிவைத்தேன்.

இன்னொன்று. நீங்கள் விடுப்பில் இருந்த நாட்களில் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. ஜஸீமா கேட்பார், மற்றவர்கள் மாட்டார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சிஸ்டரின் நல்ல மனதை நம்பி ஓடுகிற வார்டைப் பாதுகாப்பான வார்டு என்று எப்படி எழுதுவது? மித்ரா அக்கா டியூட்டியில் இருந்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் இல்லை. இதுதானே நிலைமை?

அதனால்தான் இரண்டு பகுதியாகப் பரிந்துரை கொடுத்தேன். ஒருவருக்கு ஒரே பெயர். அட்டை இல்லாதவரை அவருடைய சொந்தப் பெயரிலேயே சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். அவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மாசானத்துக்காக வருந்துகிறேன். உங்களுக்காகவும்.

உங்கள் தம்பி,
எழிலன்


வியாசர்பாடி,
6 செப்டம்பர் 2003

எழிலன்,

அறிக்கை வெளியீட்டு விழாவில் உனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். புளியந்தோப்பு அடுக்குமாடியிலிருந்து ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டேன். பரிந்துரைகளை நீதான் மைக்கில் வாசித்தாய். சொந்தப் பெயரில் சேர்க்க வேண்டும் என்ற வரி அதில் வரவில்லை. நான் காது கொடுத்துத்தான் கேட்டேன். அந்த வரிக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் இந்த இரண்டாவது பாதிக் கதையை என்னிடம் சொல்லாதே. எங்கே போனது அந்தப் பாதி?

யார் பெயரும் வராது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினாய். உண்மைதான், பெயர் வரவில்லை. ‘வியாசர்பாடியிலிருந்து பணிக்கு வரும் மூத்த செவிலியர் ஒருவர் தன்னிச்சையாக இரண்டாவது பெயரைக் கேட்டறிகிறார்’ என்று வாசித்தாய். அந்த வார்டில் வியாசர்பாடியிலிருந்து வருகிற ஆள் நான் ஒருத்திதான். அந்த வாரமே எனக்கு மெமோ வந்தது. இனி கேட்டால் வேலை போகும் என்று. மாசானம் வந்தபோது நான் கேட்காததற்கு அந்த மெமோதான் காரணம். உன்னிடம் எழுதுகிற மாதிரி இதை விசாரணையிலும் சொல்லப் போகிறேன். நான் பயந்தேன். பயந்துதான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாசானத்தின் மனைவி மலர்க்கொடி என் வீட்டுக்கு வந்தாள். பொன்னுரங்கம் கூட்டிவந்தார். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், கதவையும் அகலத் திறந்துவைத்தேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, அவர் கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டாள். ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. சின்ன வயதில் அந்த ஊசியில் ஒருமுறை சாகக் கிடந்தவராம். யாரிடமும் மறக்காமல் சொல்லுவாராம். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பொன்னுரங்கம் அப்போதுதான் வாயைத் திறந்தார். வேனில் வரும்போது அவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். “நான்தான் சிஸ்டர் சொன்னேன். மாமு, பயப்படாத, அங்க சிஸ்டருங்கோ சூப்பர்வைசரத் தொரத்திட்டு காதாண்ட வந்து கேப்பாங்கோ. அப்ப வூட்டுப் பேரச் சொல்லு. ஊசி ஆவாதுன்னும் சொல்லிடு. அதுக்கு முன்ன வாயத் தொறந்த, வெளிய தள்ளிடுவானுங்கோன்னு.”

மாசானம் என்னையே பார்த்தார் என்று எழுதினேன் அல்லவா. நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார், எழிலன்.

மலர்க்கொடி கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் ஏமாற்றி வந்தவர் என்று ஆஸ்பத்திரி எழுதிவைத்திருப்பதை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒருவர் வந்து, அட்டை விஷயம் ஆஸ்பத்திரிக்கு முன்பே தெரியும் என்று சொல்ல வேண்டும். அறிக்கையிலும் மெமோவிலும் இருக்கிற ‘இரண்டாவது பெயர்’ வெறும் செல்லப்பெயர் என்கிறார்கள். நான் சொன்னால் வேலைக்காகச் சொல்கிறேன் என்பார்கள். ஜஸீமா சொன்னால் அவளுக்கும் இதே கதிதான். நீ வெளியாள். உன்னை அவர்களே மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்.

உள்விசாரணை இம்மாதம் முப்பதாம் தேதி. வா.

சங்கமித்ரா


புனே,
17 செப்டம்பர் 2003

அக்கா,

அந்தப் பாதி எங்கே போனது என்று கேட்டீர்கள்.

அச்சுக்குப் போவதற்கு முன் டைரக்டர் அறையில் ஒரு கூட்டம் நடந்தது. டைரக்டர், என் வழிகாட்டிப் பேராசிரியர், நான். அட்டைகள் எப்படிக் கைமாறுகின்றன என்று வாயாலேயே விளக்கிச் சொன்னேன். டைரக்டர் அதிர்ச்சியடையவில்லை. “ஊருக்கே தெரிஞ்சதுதானே தம்பி, அத ஏன் எழுத்துல போடணும்?” என்றார். கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும், காஷுவாலிட்டியையே மூட வேண்டிவரும் என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். பட்டமும் இந்த வேலையும் அதற்குப் பிறகு வந்தவை. அதனால்தான் வந்தன என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்வீர்கள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நான் வந்து சொல்லிவிடுகிறேன் என்றே வையுங்கள். அடுத்த நாள் என்ன ஆகும்? கம்பெனி இன்னொருவன் அட்டையில் ஆளை அனுப்புவதை நிறுத்தும். சொந்தப் பெயரில் சேர்த்துக்கொள்வார்களா? மாட்டார்கள். கை போனவனும் கால் போனவனும் எங்கே போவார்கள்? இன்றைக்கு இருக்கிற திருட்டு வழியாவது அவர்களுக்கு இருக்கட்டும் என்று நினைத்துத்தான் நான் அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன். வெறும் பட்டத்துக்காக மட்டும் இல்லை.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பு போனபோது அவரையும் வேறு யாரோ ஒருவர் சீட்டில்தான் எங்கோ சேர்த்தார்கள். இதை உங்களிடம் சொன்னதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் கேட்பதை முதன்முறை கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்றும் சொன்னதில்லை.

யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

எழிலன்


புனே,
23 செப்டம்பர் 2003

அக்கா,

வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். டைரக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லிவிடுகிறேன். மலர்க்கொடி அவர்களிடமும் சொல்லுங்கள்.

எழிலன்


வியாசர்பாடி,
5 அக்டோபர் 2003

எழிலன்,

நீ அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். மலர்க்கொடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீ அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தாய். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். நீ தலையசைத்தாய், யாரென்று தெரியாமல். யாரென்று உனக்குத் தெரிந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆகியிருக்காது.

உன்னை முதலில் டைரக்டர் அறைக்கு அழைத்துப் போனார்கள். டீ உள்ளே போவதை ஜஸீமா பார்த்தாள். காலி டம்ளர் வெளியே வந்ததையும் பார்த்தாள். “உக்காந்துகினே டாக்டர் பட்டம் வாங்குனவனாச்சே, இன்னிக்காவது எழுந்து நிப்பானா பாக்கலாம்” என்றாள். நான் அவளைத் திட்டினேன்.

விசாரணை அதிகாரி முதலில் என்னைக் கேட்டார். ஊசி போட்டது நான், கேட்காதது நான், கேட்கக்கூடாது என்ற மெமோவுக்குப் பயந்தது நான் என்று சொன்னேன். பிறகு உன்னைக் கேட்டார். நோயாளிகள் அடுத்தவர் அட்டையில் வருவது நிர்வாகத்துக்குத் தெரியுமா? நீ தண்ணீர் குடித்தாய். பிறகு சொன்னாய்: “அது என் ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.”

பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நீ பொய் சொல்லாமலே மாசானத்தை இன்னொரு முறை புதைத்துவிட்டாய். அதிகாரி இரண்டாவது தடவையும் கேட்டார், வழியைத் திறந்துவைத்துக் கேட்டார். நீ அதே வாக்கியத்தையே சொன்னாய். மனப்பாடம் செய்தவன் மாதிரி ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாசானம் ஏமாற்றுக்காரராகவே இருக்கிறார்.

நீ பயந்தது நடந்துவிட்டது, அதையும் எழுத வேண்டும் அல்லவா. விசாரணைக்குப் பிறகு கம்பெனி காண்ட்ராக்ட் ஆட்களை இங்கே அனுப்புவதை நிறுத்திவிட்டது. காத்திவாக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்களாம். அங்கே அட்டையும் இல்லை, ஆக்ஸிஜனும் இல்லை. முந்தாநாள் ஒருவனுக்கு விரலை எடுத்துவிட்டார்கள், தைத்திருக்கலாம் என்கிறார் பொன்னுரங்கம். நீ வாயைத் திறக்காமல் இருந்தும் நடந்துவிட்டது, பார். அப்படியானால் எதைக் காப்பாற்ற நீ பேசாமல் இருந்தாய்?

அந்த அறையில் உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். சூப்பர்வைசரை விரட்டுகிற மாதிரி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, குனிந்து கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அங்கே பேசியது யார்? அட்டைப் பேரா, வூட்டுப் பேரா?

சங்கமித்ரா


வியாசர்பாடி,
2 டிசம்பர் 2003

எழிலன்,

இரண்டு மாதம் ஆகப்போகிறது, பதில் இல்லை. கடிதம் திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன். அங்கே யாரும் அடுத்தவர் பெயரில் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியிடமும் குனிந்து கேட்டுவிடுகிறேன். வாய்க்குப் பழகிப்போய்விட்டது. அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மலர்க்கொடி தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறாள். பொன்னுரங்கம் சாட்சிக்கு வருகிறார். அதனால் அவருக்குக் கம்பெனி வாசலில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். “நைனா, சும்மா கெட” என்று அவரிடம் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. ஜஸீமாவும் வருகிறேன் என்கிறாள். லட்சுமணன் கூட வருகிறார். அவர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒருவரைச் சாகவைத்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறார்கள். எங்கள் யாராலும் சொல்ல முடியாதது ஒன்றே ஒன்றுதான். அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் அந்த அறைக்குள் டைரக்டர் என்ன சொன்னார் என்பது. நாங்கள் யாரும் அங்கே இல்லை. நீ இருந்தாய். உன் கடிதம் என்னிடம் இருக்கிறது, ஆனால் நீயே வந்து சொல்லாவிட்டால் அது வெறும் காகிதம் என்பார்கள்.

உன் ஆய்வு வேண்டாம். உன் வருத்தம் வேண்டாம். ‘ஊருக்கே தெரிஞ்சதுதானே தம்பி’ என்று அவர் சொன்னதை ஒரு தடவை, அவர் முகத்துக்கு நேராக, உரக்கச் சொல். அது போதும்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி, தொழிலாளர் அலுவலகம். மலர்க்கொடி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். இந்த முறை அவளை உனக்குத் தெரியும்.

வந்து சொல்.

சங்கமித்ரா